கீழ்க்காவல்

காப்பு கட்டுவது கட்டாயமில்லை. சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. சோறு தின்பதும் கட்டாயமில்லைதான், அதற்கும் எந்தச் சட்டமும் கிடையாது.

மணிக்கட்டில் தோலோடு தோலாக ஒட்டிக்கொள்ளும் பட்டை அது. நாடி பார்க்கும், உடம்புச் சூடு பார்க்கும், ஆள் எங்கே நிற்கிறான் என்று இணைய வலைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ரேஷன் கடைக் கதவு அதைப் பார்த்துத்தான் திறக்கும். பஸ் அதைப் பார்த்துத்தான் நிற்கும். ஆஸ்பத்திரிச் சீட்டு, பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் பேர், வாரக் கூலி எல்லாம் அதன் வழியாகத்தான். காப்பு இல்லாதவனை யாரும் அடிக்கவில்லை, பிடித்து உள்ளே போடவில்லை. கதவு திறக்காது, அவ்வளவுதான். மனுசன் முன்னால் நின்று சண்டை போடலாம். கதவு முன்னால் நின்று எவ்வளவு நேரம் கத்துவது?

மாசானம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொல்லி அனுப்பினான். டீக்கடையில் கேட்டவனிடம் தோல் அரிக்கும் என்றான். மச்சினனிடம் ஜாதகத்தில் ஆகாது என்றான். ஞானதுரை மேஸ்திரி கேட்டதற்கு, "ஒண்ணுக்குப் போனாக்கூட வேலை நிறுத்தம்னு எழுதுதாம்லா அண்ணாச்சி. நாளைக்கு நின்னுக்கிட்டுப் போவணுமா உக்காந்து போவணுமான்னு அதுதான் சொல்லும்" என்று சிரிக்காமல் சொன்னான். பெண்டாட்டி பிரமுவிடம் மட்டும் ஒரு தடவை, "நான் எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். வேற எவனுக்குத் தெரியணும்?" என்றான்.

பிரமு கட்டியிருந்தாள். மகள் படிக்க வேண்டும், அடுப்பு எரிய வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு பேருமே வீம்பு பிடிக்க முடியாது. அவள் காப்பைக் காட்டி வாங்கிய அரிசியைத் தின்றுகொண்டே அவன் காப்பைத் திட்டுவான்.

"தின்னு முடிச்சிட்டுத் திட்டுங்க. விக்கிக்கிடப் போவுது" என்பாள் அவள்.

இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. கடலோரத்தில் ஒரு கம்பெனி தகவல் கூடம் கட்டிக்கொண்டிருந்தது. உலகத்தில் உள்ளவர்களின் பேச்சு, படம், கணக்கு எல்லாம் அதற்குள் வந்து தங்கப் போகிறதாம். மேகம் என்று அதற்குப் பேர். அந்த மேகத்தை ஜல்லியாலும் கம்பியாலும் சிமெண்டாலும்தான் கட்ட வேண்டியிருந்தது. பிரமு முன்வாசல் வழியாகப் போய்ச் சித்தாள் வேலை பார்த்தாள். மாசானத்தை மேஸ்திரி பின்வாசல் வழியாகக் கூட்டிப்போவார்.

காப்பு இல்லாதவனுக்கு அங்கே எப்படி வேலை என்றால், அதற்கும் காரணம் சட்டம்தான். விஷக்காற்று உள்ள குழி, கொதிக்கிற தொட்டி, ஈரத்தளத்தின் அடிப்பக்கம் போன்ற இடங்களுக்குக் காப்புக் கட்டிய ஆள் போனால் காப்பு அலறும், எந்திரமெல்லாம் நின்றுவிடும். ஆள் சாகக் கூடாது என்று எழுதின நல்ல சட்டம். கம்பெனி அதை வேறு மாதிரி வாசித்தது. காப்பு உள்ளவன் போகக் கூடாது என்றால் இல்லாதவன் போகலாம்.

தளம் போடும்போது கலவையைத் தாங்குகிற பலகைக்கு அடியில் ஒரு ஆள் நின்றாக வேண்டும். பலகைக்குக் கொடுத்த எந்த முட்டுக்கம்பம் சாய்கிறது, எந்த இடுக்கில் சிமெண்டுப் பால் ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும். கீழ்க்காவல் என்று சொல்வார்கள். கேமரா வைத்துப் பார்த்தார்கள், பால் வழிந்து அதன் கண்ணை மூடிவிட்டது. மாசானம் கண்ணைத் துடைத்துக்கொள்வான். கையில் ஒரு சுத்தியல் இருக்கும். பலகையில் ஒரு தட்டுத் தட்டினால் ஊற்று என்று அர்த்தம். விடாமல் தட்டினால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நகரு என்று அர்த்தம். இந்தத் தட்டுக்குக் கட்டுப்படாத கூட்டம் எந்த ஊரிலும் கிடையாது. மேஸ்திரி சொல்வதைக்கூட மீறுவார்கள், கீழே இருக்கிறவன் தட்டை மீறமாட்டார்கள்.

அன்றைக்கு மீறினார்கள்.

உச்சி வெயில். பாதித் தளம் நிரம்பியிருந்தது. கீழிருந்து தட்டு வந்தது, விடாமல் வந்தது. கலவைக் குழாய் பிடித்திருந்த பட்டன் என்ற பையன் கையைத் தூக்கினான். பம்ப் நின்றது. உடனே எல்லார் மணிக்கட்டும் துடித்தது. பணி நின்றுள்ளது, காரணம் பதிவு செய்க என்றது காப்பு. மழை, எந்திரக் கோளாறு, உடல்நலக் குறைவு என்று காரணங்களையும் அதுவே வாசித்தது. கீழிருந்து தட்டுகிறான் என்ற காரணம் அதில் இல்லை. கீழே ஆள் இருந்தால்தானே அது இருக்கும்.

"மேஸ்திரி, தட்டுதான்" என்றான் பட்டன்.

"குளவி கிளவி கொட்டியிருக்கும்லே. ஊத்து."

"இல்ல, விடாம தட்டுதான்."

"பூராப் பேருக்கும் நேரம் வெட்டுப்படுது. ஊத்துலே மொதல்ல."

மணிக்கட்டு மறுபடியும் துடித்தது. பட்டன் கையை இறக்கினான். கலவைச் சட்டியோடு நின்ற பிரமு, "நிறுத்துங்க" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் தளத்தின் கிழக்கு மூலை பள்ளம் விழுந்தது. மேலே நின்றவர்கள் மேற்குப் பக்கம் ஓடினார்கள். கம்பி வலை அப்படியே மடங்கி, கலவையைச் சுமந்துகொண்டு கீழே போனது.

தூசி அடங்குமுன் காப்புகள் பச்சையாகின. அனைவரும் நலம், உயிர்ச் சேதம் இல்லை. மகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கும் செய்தி போய்விட்டது. உன் அம்மா பத்திரம் என்று டீச்சர் சொல்லியிருக்கிறாள். அப்பா என்று யாரையும் அந்தச் செய்தி குறிப்பிடவில்லை.

பிரமு இன்ஜினியர் ரேணுகாவிடம் ஓடினாள். அந்தப் பெண் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், நெற்றியெல்லாம் வேர்வை.

"மேடம், எங்க வீட்டுக்காரர் கீழ இருக்காரு."

"கீழ யாருமில்லம்மா. மூணு தடவை தேடிப் பார்த்தாச்சு. சிஸ்டத்துல யாருமே இல்ல."

"சிஸ்டத்துல அவரு என்னைக்கு இருந்தாரு?"

ரேணுகா திரையிலிருந்து தலையைத் தூக்கினாள். "மேஸ்திரி, கீழ ஆள் விட்டீங்களா?"

ஞானதுரை மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்கவே இல்லை. ஆமாம் என்றால் தட்டைக் கேட்டும் ஊற்றச் சொன்னதற்கு அவருக்கு ஜெயில். "இல்லையே மேடம். காலைல வந்தான், வேலை இல்லன்னு திருப்பி அனுப்பிட்டேன்."

"அண்ணாச்சி, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

"வீட்டுக்குப் போயிருப்பான் தாயி. போயி அங்ஙன பாரு."

"இப்ப தட்டினது பேயா?"

அவர் மறுபடியும் முகத்தைத் துடைத்தார். சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எல்லோர் காதிலும் அந்தத் தட்டு விழுந்திருந்தது. கேட்டோம் என்று சொன்னால் கேட்டும் ஊற்றினோம் என்றாகும்.

அதற்குள் வாளி வண்டி வந்துவிட்டது. ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடுகிற வண்டி. கலவை இறுகுமுன் இடிபாட்டை அள்ளிக் கடற்கரையில் கொட்டச் சொல்லித் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு. இறுகிவிட்டால் உடைத்தெடுக்க வேண்டும், அது செலவு. வண்டி இடத்தை ஒரு முறை முகர்ந்து பார்த்தது. உயிர் இல்லை என்று அதன் நெற்றி விளக்கு பச்சை காட்டியது. வாளியை உயர்த்திக்கொண்டு நகர்ந்தது.

"நிறுத்துங்க மேடம்."

"என்னால முடியாதும்மா. அதுக்கு உத்தரவு தலைமை அலுவலகத்துல இருந்து. உள்ள ஆள் இருக்குன்னு காட்டினாத்தான் நிக்கும்."

பிரமு சட்டியைக் கீழே வைத்தாள். யாரும் தாண்டக் கூடாது என்று தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டி நடந்தாள்.

அவள் காப்பு அலறியது. விதிமீறல் என்றது. ஏற்கெனவே இரண்டு முறை அவள் பேரில் எழுதப்பட்டிருந்தது. ஒரு தடவை மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லாமல் போனதற்கு, இன்னொரு தடவை எதற்கு என்று அவளுக்கே தெரியாது. மூன்றாவது எழுதினால் நாட்டில் எந்தக் கட்டடத்திலும் சட்டி தூக்க முடியாது. அவள் போய் வாளிக்கு நேர் கீழே நின்று கையைத் தூக்கிக் காட்டினாள். வண்டி நின்றது. அவளைப் பார்த்து நின்றது என்று சொல்வது தப்பு. அவள் கையிலிருந்த காப்பைப் பார்த்து நின்றது.

"எல்லாரும் வாங்கலே. நான் ஒருத்தி எவ்வளவு நேரம் நிக்க?" என்றாள் அவள்.

முதலில் பட்டன் போனான். அழுதுகொண்டே போனான். அப்புறம் ஒவ்வொருவராக மம்பட்டியோடும் கடப்பாரையோடும் கோட்டைத் தாண்டினார்கள். காப்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக அலற, அந்த இடம் கோழிப்பண்ணை மாதிரி ஆகிவிட்டது. ரேணுகாவின் காதில் தலைமை அலுவலகம் கத்திக்கொண்டிருந்தது. அவள் காதில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டாள்.

"கேன்டீன்ல எவ்வளவு சர்க்கரை இருக்கு? இருக்கிறதை எல்லாம் தண்ணில கரைச்சுக் கொண்டாங்க. டீக்கடையிலயும் வாங்குங்க" என்றாள். சர்க்கரைத் தண்ணீர் பட்டால் கலவை சீக்கிரம் இறுகாது. அங்கே எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் அதைச் சொல்வதென்றால் கீழே ஒருவன் இருக்கிறான் என்று ஒத்துக்கொள்வது. அதை முதலில் ஒத்துக்கொண்டது அவள்தான்.

குடம் குடமாக ஊற்றினார்கள். ஈ மொய்த்தது. எங்கே தோண்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. பட்டன் மேஸ்திரியைப் பார்த்தான். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"கிழக்கே, மூலைத் தூணுக்குப் பக்கத்துல" என்றார் ஞானதுரை, தரையைப் பார்த்துக்கொண்டு. "அங்கனதான் நிக்கச் சொன்னேன்."

பிரமு அவரைத் தாண்டி மூலைக்கு ஓடினாள். திட்ட நேரமில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அவனை எடுத்தார்கள். தூணுக்கும் விழுந்த பலகைக்கும் நடுவில் ஒரு ஆள் ஒடுங்குகிற இடுக்கு. வலது கால் சரிந்த முட்டுக்கம்பத்துக்கு அடியில் நசுங்கியிருந்தது. உடம்பெல்லாம் சாம்பல் பூசின மாதிரி சிமெண்டு. வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு, "இனிக்குதே" என்றான் மாசானம். அப்புறம் மயங்கிவிட்டான்.

ஆஸ்பத்திரிக் கதவு அவனுக்குத் திறக்கவில்லை, மூன்று விதிமீறல் ஏறிய பிரமுவின் காப்புக்கும் திறக்கவில்லை. ரேணுகா தன் காப்பைக் காட்டி, என் வீட்டு ஆள் என்று பொய் சொல்லிச் சேர்த்தாள். அந்தப் பொய்க்காக அவள் வேலை போனது. பிரமுவின் வேலை அதற்கு முன்பே போயிருந்தது. முழங்காலுக்குக் கீழே மாசானத்தின் வலது கால் போனது. கம்பெனிக்கு ஒன்றும் போகவில்லை. அன்றைய அறிக்கையில் பாதிக்கப்பட்டவர்கள் யாருமில்லை என்றே இருந்தது.

ஆனால் செய்தி பரவியது. பிரமு வாளிக்குக் கீழே கை தூக்கி நிற்கிற படத்தை நாடே பார்த்தது. காப்பு உயிர் காத்தது என்று ஒரு மந்திரி பேசினார். காப்பு இல்லாததால்தானே இந்த மனுசனைக் கண்டுபிடிக்க முடியவில்லை, இனி எல்லோருக்கும் கட்டாயமாக்கிவிடுவோம் என்றார். அதற்கு அரசாணை தயாரானது. அவன் தட்டினதைப் பற்றி மந்திரி ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் கம்பெனி வக்கீல் வீட்டுக்கு வந்தார். கூடவே ஞானதுரை மேஸ்திரி, கையில் ஒரு ஆப்பிள் பையோடு. வக்கீல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, மணிக்கட்டில் தங்கமுலாம் பூசின காப்பு.

"அண்ணே, அரசாங்கம் உங்களை மாதிரி ஆட்களை நசுக்கப் பார்க்குது. ஒரு மனுசன் வலையில சேராம, யார் கண்ணுக்கும் படாம, தன் பாட்டுக்கு வாழ உரிமை இருக்கா இல்லையா? இருக்குன்னு நாங்க கோர்ட்டுக்குப் போயிருக்கோம். உங்களுக்காகத்தான்."

மாசானம் கட்டுப்போட்ட காலை நகர்த்தி வைத்தான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. இத்தனை வருசமாக அவன் மனசில் கிடந்ததை, அவனுக்குச் சொல்ல வராததை, இந்த ஆள் அழகாகச் சொல்லிவிட்டார்.

"எனக்காகவா?"

"உங்க பேர்லதான் வழக்கே. நீங்க காப்பு இல்லாம இருக்கிற வரைக்கும் வழக்கு நிக்கும். கோர்ட்ல வந்து, நானா விரும்பித்தான் இப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"நான் விரும்பித்தான் இருக்கேன்."

"அதைத்தான் சொல்லணும்."

"வழக்கு ஜெயிச்சா?"

"யாருக்கும் கட்டாயம் கிடையாது. காப்பு இல்லாதவங்க தாராளமா வாழலாம், தாராளமா வேலை பார்க்கலாம்."

"எங்க வேலை?" என்றாள் பிரமு, அடுப்படியிலிருந்து.

வக்கீல் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி ஆப்பிள் பையைப் பார்த்தார். "அடுத்த தளம் வருதுல்லா தாயி. கீழ்க்காவலுக்கு ஆள் வேணும். அரசாணை வந்துட்டா ஒருத்தனும் கிடைக்கமாட்டான். அப்புறம் இரும்பு முட்டு, அது இதுன்னு எல்லாத்தையும் கம்பெனி மாத்தணும்."

மாசானம் வக்கீலின் மணிக்கட்டைப் பார்த்தான்.

"உங்க கையில எதுக்கு சார் காப்பு?" என்று கேட்டான் மாசானம்.

"எனக்கு வசதியா இருக்கு."

"உரிமை இருக்குல்லா. கழத்திட்டு வாங்க. அடுத்த தளத்துக்கு நீங்க கீழ நில்லுங்க, நான் கோர்ட்ல வந்து நிக்கேன்."

வக்கீல் சிரித்தார். கோபப்படாத ஆள். யோசித்துச் சொல்லுங்கள் என்று எழுந்து போனார். வாசல் வரை போன மேஸ்திரி திரும்பி வந்து, "எம்மேல கோவமாலே?" என்றார்.

"ஆப்பிளை எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி."

அவர்கள் போன பிறகு மாசானம் சுவரைப் பார்த்தபடி இருந்தான். அப்புறம், "நாளைக்கு என்னைக் காப்பு மையத்துக்குக் கூட்டிட்டுப் போ. கட்டிக்கிடுதேன்" என்றான்.

பிரமுவுக்குக் கோபம் வந்தது. எத்தனை வருசம் கெஞ்சியிருப்பாள். "இப்பவா? காலு போன பொறவா? அவன் கேஸு அவனோட. நீங்க எதுக்கு மாறணும்?"

"நான் இப்படியே இருந்தா எம்பேரைச் சொல்லி இன்னொருத்தனைக் கீழ விடுவான்."

"கட்டினா கேஸு விழுந்துரும், கவர்மெண்டு எல்லார் கையிலயும் மாட்டுவான். அது மட்டும் சரியா?"

"சரியில்ல. ஆனா கீழ நின்னது நானு. அந்த இருட்டு உனக்குத் தெரியாது."

அவன் விட்டுக்கொடுப்பதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு நாள் சண்டை போட்ட விஷயத்தில் ஜெயித்தபோது அது இப்படியா இருக்கும்?

காப்பு மையத்தில் நீள வரிசை. அரசாணை வருகிறது என்று கேள்விப்பட்டு, அதுவரை கட்டாமல் இருந்தவர்களெல்லாம் வந்திருந்தார்கள். கருவாட்டுக்காரி ஒருத்தி, நாடகத்தில் மத்தளம் வாசிக்கிறவர், கண் தெரியாத ஒரு பூசாரி என்று இவ்வளவு பேர் இருப்பார்கள் என்று மாசானம் நினைத்ததே இல்லை. இவர்கள் யாரும் ஒருவரையொருவர் பார்த்ததும் இல்லை. எந்தக் கதவும் திறக்காதவர்கள் எங்கே கூடி, எப்படிப் பார்த்திருப்பார்கள்?

சன்னலில் ஜெரினா என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மாசானத்தின் மணிக்கட்டை ஒரு வளையத்துக்குள் வைக்கச் சொன்னாள். பேர் கேட்டாள், ஊர் கேட்டாள். கடைசியாக எந்திரம் தானே கேட்டது.

"காப்பு அணிய யாராவது உங்களை வற்புறுத்தினார்களா?"

"ஆமா" என்றான் மாசானம்.

எந்திரம் மறுபடியும் அதையே கேட்டது. ஜெரினா குனிந்து, "அண்ணாச்சி, இல்லன்னு சொல்லுங்க" என்றாள்.

"வற்புறுத்தினாங்க தாயி. கம்பெனி ஒரு பக்கம், கவர்மெண்டு ஒரு பக்கம்."

"அதுக்குள்ள போவாதீங்க. ஆமான்னா மிசின் ஏத்துக்கிடாது. எல்லாரும் இல்லன்னுதான் சொல்லுவாங்க."

"பின்ன எதுக்குக் கேக்கு?"

ஜெரினா எந்திரத்தைப் பார்த்தாள். அவளிடம் இதை யாரும் கேட்டதில்லை. "கேக்கணும்னு இருக்கு. நீங்க பேசுறது எல்லாம் பதிவாகுது அண்ணாச்சி. கோர்ட்டுல கேட்டாக் குடுக்கணும்."

"ஆவட்டும்."

பின்னால் யாரோ, சீக்கிரம்யா என்றார்கள். பிரமு திரும்பி முறைத்தாள். எந்திரம் மூன்றாவது தடவை கேட்டது. மாசானம் கையை வளையத்திலிருந்து எடுக்கவில்லை.

"ஆமா."

வளையம் சிவப்பாகித் தானே திறந்துகொண்டது. பதிவு நிராகரிக்கப்பட்டது, அடுத்தவர் வரவும் என்றது. மாசானம் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு விலகினான். கட்டிக்கொள்ளவும் இல்லை, கட்டமாட்டேன் என்று சொல்லவும் இல்லை; வற்புறுத்தினார்கள் என்று அவன் சொன்னது மட்டும் கோர்ட்டு கேட்டால் கொடுக்கிற பதிவில் ஏறியிருந்தது. என்ன ஆயிற்று என்று பிரமுவைப் பார்த்தான். அவள் வரிசையைப் பார்த்தாள்.

கருவாட்டுக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தாள். புறங்கையைச் சேலையில் துடைத்து வளையத்துக்குள் விட்டாள். பேர் சொன்னாள், ஊர் சொன்னாள். எந்திரம் கேட்டது. அவள் மாசானத்தை ஒரு பார்வை பார்த்தாள். ஜெரினாவையும் பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.